பாவித்த கல்லை வாங்குமுன்: கடல்நீர் மீன் தொட்டி வியாபாரத்தில் ஒரு கணக்கு

பாவித்த சாமான் வாங்கி விற்பது நமக்குப் புதிய தொழில் அல்ல. பாவித்த தகரம், பாவித்த மரம், பாவித்த குளிர்சாதனப் பெட்டி என்று எத்தனையோ பொருட்களைத் தட்டிப் பார்த்து, புரட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குகிறோம். ஆனால் தட்டிப் பார்த்தும் புரட்டிப் பார்த்தும் குணம் தெரியாத ஒரு பாவித்த பொருள் இருக்கிறது. அது கடல்நீர் மீன் தொட்டிக்குள் கிடந்த கல். இவ்வாரம் அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

டிக்கோயாவில் இருந்துகொண்டு கடல் கல்லைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கக் கூடும். ஹாட்வெயார் கடையின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டியும் மீன் உணவும் வைத்து விற்கும் என் போன்றவர்கள் மலைநாட்டில் பலர் இருக்கிறோம். நன்னீர்த் தொட்டி வாங்கியவர் இரண்டு மூன்று வருடத்தில் கடல்நீர்த் தொட்டி கேட்டு வருகிறார். பழைய தோட்டத்துரை பங்களாக்களை விடுதியாக மாற்றியவர்களும் வரவேற்பறையில் ஒன்று வைக்க ஆசைப்படுகிறார்கள். அதே நேரத்தில் கொழும்பிலே ஒருவர் வீடு மாறும்போதோ வெளிநாடு போகும்போதோ தொட்டியைக் கலைக்கிறார். கண்ணாடியும் பம்பும் விளக்கும் தனித்தனியாக விலை போகின்றன. கடைசியில் மிஞ்சுவது கல். “எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள், ஒரு விலை சொல்லுங்கள்” என்பார்கள். வியாபாரி விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

கல்லுக்குத் தொட்டியில் என்ன வேலை?

கடல்நீர்த் தொட்டியில் கல் வெறும் அலங்காரம் அல்ல. அதுதான் தொட்டியின் கழிவு சுத்திகரிக்கும் நிலையம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீனுக்கு விஷம். கல்லின் துவாரங்களில் குடியிருக்கும் ஒரு வகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். கல்லின் உள்ளே ஒட்சிசன் குறைந்த ஆழத்தில் இருக்கும் வேறு பக்டீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும். ஆகவே துவாரம் நிறைந்த, கைக்குப் பாரம் குறைந்த கல்தான் நல்ல கல். கருங்கல் போன்ற இறுகிய கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 100 கிராம் கல் என்பது தொட்டி வைப்பவர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. 300 லீற்றர் தொட்டிக்கு 30 கிலோ வரும்.

இந்தப் பக்டீரியாக்களும் சிறு உயிர்களும் குடியிருக்கும் ஈரமான கல்லைத்தான் ‘லைவ் ரொக்’ என்கிறார்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுத்துக் காயவிட்டால் குடியிருந்ததெல்லாம் சாகும். செத்தது உள்ளேயே அழுகும். பாவித்த கல்லின் முதல் பிரச்சினை இந்த அழுகல். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

முதல் கேள்வி: எங்கிருந்து வந்த கல்?

நம் நாட்டில் கடல் முருகைக்கல் சும்மா கிடக்கும் பொருள் அல்ல. தென்மேற்குக் கரையோரத்தில் ஒரு காலத்தில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்குவது பெரிய தொழிலாக இருந்தது. 1984 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் எடுக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவந்த திருத்தம், கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லை எடுப்பது, வைத்திருப்பது, எரிப்பது, ஏற்றிச் செல்வது ஆகியவற்றைத் தடை செய்தது. கல்முருகை இனங்கள் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. நாடு விட்டு நாடு கொண்டுபோவதாக இருந்தால் சைட்டிஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரமும் வேண்டும்.

இந்தச் சட்டங்கள் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26 பதில் சொல்லும். சுனாமிக்குப் பிறகு தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகைக்கற்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு சுமார் 50 மீற்றர் தூரமே உள்ளே வந்ததாகவும், அங்கிருந்து சில கிலோமீற்றர் வடக்கே, கல் பெரிதும் அள்ளப்பட்டிருந்த பெரேலியவில் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உள்ளே புகுந்ததாகவும் எழுதினார்கள். புகையிரதத்தை அலை கவிழ்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டது அந்தப் பெரேலியவில்தான். 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறியதால் நம் கரையோர முருகைகள் வெளிறிச் செத்தன. மிஞ்சியிருப்பதையும் ஒரு தொட்டிக்காக உடைத்து விற்பதில் நாம் பங்காளியாகக் கூடாது.

ஆகவே கல்லைப் பார்த்ததும் கேளுங்கள்: இது கடலில் எடுத்ததா, தரையில் தோண்டியதா, செய்யப்பட்டதா? பற்றுச்சீட்டு இருக்கிறதா? நம் நாட்டில் தரையிலே கிடைக்கும் சுண்ணாம்புக்கல் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லும், சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டும் புத்தளம் அறுவக்காலுப் பகுதிக் கல்லும் அந்த வகை. இவற்றைத் தோண்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி தேவை. சீமெந்தோடு சிப்பித் தூளையோ சுண்ணாம்புக்கல் துகளையோ கலந்து வார்த்த செயற்கைக் கல் உண்டு. சூளையில் சுட்ட மட்பாண்டக் கல்லும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் கடலிலிருந்து லைவ் ரொக் அள்ளுவதை 1997 தொடக்கத்தோடு முற்றாக நிறுத்தினார்கள். அதன் பிறகு அங்குள்ளவர்கள் தரையில் தோண்டிய சுண்ணாம்புக்கல்லை, குத்தகைக்கு எடுத்த கடல் நிலத்தில் போட்டு, அதில் உயிர்கள் குடியேறிய பின் எடுத்து விற்கிறார்கள். தடை வந்ததும் தொழில் அழியவில்லை, வழி மாறியது.

பற்றுச்சீட்டு இல்லாத, கிளை கிளையாக முருகை வடிவம் தெரிகிற, “உள்ளூர்க் கல்தான் தம்பி” என்று சொல்லி மலிவாகத் தருகிற கல்லை விட்டு விடுங்கள். ஐயம் இருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ கரையோரம் பேணல் திணைக்களத்திடமோ முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் சுத்திகரிப்பு முறை கல்லின் அழுக்கை நீக்கும். கல்லின் களவை நீக்காது.

இரண்டாவது கேள்வி: கல் எதைக் குடித்திருக்கிறது?

மலைநாட்டுக்காரருக்கு இதை விளக்குவது இலகு. எப்பாவலயில் தோண்டி எடுக்கும் ரொக் பொஸ்பேட் உரத்தை நாம் அறிவோம். அது என்ன? கல்சியத்தோடு பொஸ்பேட் இறுகப் பிடித்த கல். அமிலத் தன்மையுள்ள தேயிலை மண்ணில் அது மெல்ல மெல்லக் கரைந்து செடிக்கு உணவாகும். மீன் தொட்டியில் நடப்பதும் இதற்கு ஒப்பானதே. சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று. வருடக் கணக்காக மீனுக்குப் போட்ட உணவிலிருந்து வரும் பொஸ்பேட்டை அந்தக் கல் தன் மேற்பரப்பிலும் துவாரங்களிலும் பிடித்து வைக்கிறது. புதிய சுத்தமான தண்ணீரில் போட்டதும் மாதக் கணக்காக அதைத் திரும்ப விடுகிறது. தேயிலைக்கு உணவாவது பாசிக்கும் உணவாகும். வாங்கியவர் புதுத் தொட்டி, புதுத் தண்ணீர், புது உப்பு எல்லாம் போட்டும் இரண்டாம் மாதத்தில் பச்சைப் பாசி தலைமயிர் போல வளர்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அவர் யாரைக் குறை சொல்வார்? கல்லை விற்றவரைத்தான்.

இரண்டாவது செம்பு. கடல் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து போடுவது வழக்கம். சுண்ணாம்புக்கல் செம்பையும் உறிஞ்சும். மீன் தாங்கும் அளவு செம்பை இறால், நத்தை, முருகை ஆகியவை தாங்க மாட்டா. ஆகவே “இந்தத் தொட்டிக்கு எப்போதாவது மருந்து போட்டீர்களா?” என்று கட்டாயம் கேட்க வேண்டும். போட்டதாகச் சொன்னால் அந்தக் கல்லை முருகை வளர்ப்பவருக்கு விற்காதீர்கள். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு, விஷயத்தைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்கலாம். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்றாவது ஒட்டுண்ணிக் குடியிருப்பாளர்கள். கண்ணாடி போன்ற சிறு கடல் அனிமனிகள், இறகு போன்ற பாசி, துவாரத்துக்குள் ஒளிந்திருக்கும் நண்டு என்று எதுவும் இருக்கலாம். முழுமையாகச் சுத்தம் செய்தால் இவை ஒழிந்து விடும்.

ஒருபோதும் செய்யக் கூடாதது

கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். அவணில் வைக்காதீர்கள். சுடுநீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். “கொதித்தால் எல்லாம் செத்துவிடும்” என்பது சரிதான். ஆனால் பொத்தான் போலக் கொத்துக் கொத்தாக வளரும் சில மென்முருகைகளில் பாலிடொக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. சூடாக்கும்போது அது ஆவியோடு கலந்து மூச்சுக்குள் போகும். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் 2018 ஆம் ஆண்டு தொட்டியைச் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. அங்கே கொதிக்க வைக்கக்கூட இல்லை. தொட்டியிலிருந்த முருகையைச் சுத்தம் செய்ததே காரணம். அதோடு, துவாரத்துக்குள் அடைபட்ட தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கவும் கூடும். ஆகவே இந்தப் பொத்தான் முருகை ஒட்டிய கல் என்றால் அனுபவமில்லாதவர் தொடாமல் விடுவதே நல்லது. எந்தக் கல்லானாலும் றப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். கையில் காயம் உள்ள பையனிடம் இந்த வேலையைக் கொடுக்கவும் வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை

முதலில் கல்லை ஒரு பிளாஸ்டிக் பரலில் போட்டுத் தண்ணீரால் மெதுவாக அலசி, தளர்ந்த சேற்றை நீக்குங்கள். இந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை.

அடுத்து பிளீச். வாசனையோ சவர்க்காரமோ சேராத சாதாரண வீட்டுப் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கல் முழுவதும் மூழ்க வேண்டும். சிறிய பம்ப் ஒன்றை உள்ளே ஓடவிட்டால் துவாரங்களுக்குள்ளும் திரவம் போகும். இரண்டு மூன்று நாட்கள் விடுங்கள். அழுகல் அதிகமாக இருந்தால் பிளீச்சின் வீரியம் சீக்கிரம் போய்விடும். அப்போது திரவத்தை மாற்றி இன்னொரு முறை விட வேண்டும். இந்தக் கட்டத்தில் கல்லின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் எரிந்து போகிறது, நஞ்சின் வேகமும் அடங்குகிறது. பிறகு எடுத்து, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பிறகு காயவிடுதல். மலைநாட்டு வியாபாரிக்கு இது முக்கியமான இடம். கொழும்பிலே நாலு நாளில் காய்வது இங்கே நாலு வாரத்திலும் காயாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் டிக்கோயாவில் துணி காய்வதே பெரும்பாடு. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலம்தான் நமக்குக் கல் காயவைக்கும் பருவம். மற்றக் காலத்தில் கூரைத் தகட்டின் கீழ், காற்று அள்ளும் இடத்தில், கம்பி வலையின் மேல் பரப்பி வைக்க வேண்டும். பிளீச் வாடை முற்றாகப் போய், கையில் எடுத்தால் உலர்ந்த பாரம் தெரிய வேண்டும். அவசரமென்றால் போட்டோக்காரர் ‘ஹைப்போ’ என்று சொன்ன சோடியம் தயோசல்பேற்றைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டுக் குளோரினைப் போக்கலாம்.

நான்காவது அமிலம். இது எல்லாக் கல்லுக்கும் தேவையில்லை. பொஸ்பேட் ஏறிய இயற்கைச் சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும். சீமெந்துக் கல்லை அமிலத்தில் போட்டால் பிணைப்பே கரைந்து உதிரும். மட்பாண்டக் கல்லுக்கு அமிலத்தால் பயனில்லை. கட்டட வேலைக்கு நாம் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்குக்குக் குறையாமல். முதலில் தண்ணீர், பிறகு அமிலம். அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். பரலை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கும். அமிலம் காபனேற்றைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுவதால்தான் அந்த நுரை. பொஸ்பேட் பிடித்திருக்கும் மேற்தோல் உரிந்து போகும். பதினைந்து இருபது நிமிடம் போதும். எடுத்துக் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஊறவிட்டு, மீண்டும் கழுவுங்கள்.

ஒரு விஷயத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வேலை செய்யும் இடத்தில் ஒட்டி வையுங்கள்: பிளீச்சும் அமிலமும் ஒருபோதும் ஒன்று சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சடைத்து ஆளையே கொல்லும். பிளீச் பரல் வேறு, அமிலப் பரல் வேறு. இரண்டுக்கும் இடையில் கல் நன்றாகக் கழுவப்பட்டுக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டையும் வெளியில், திறந்த இடத்தில் செய்ய வேண்டும்.

கழிவு நீரை எங்கே ஊற்றுவது? நம் ஓடைகள் காசல்ரீக்கும், கெஹெல்கமு ஓயாவுக்கும், அங்கிருந்து களனி கங்கைக்கும் போகின்றன. களனி கொழும்பு மக்களின் குடிநீர். ஆகவே அமிலக் கழிவில் தேயிலைக்குப் போடும் டொலமைற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை முற்றாக நிற்கும் வரை விடுங்கள். டொலமைற்று மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு நாள் விட்டாலும் நல்லது. பிளீச் கழிவைத் திறந்த பரலில் வெயில் படும்படி சில நாட்கள் வைத்தால் வீரியம் போகும். உப்புத் தண்ணீரைத் தேயிலை அடியிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஊற்ற வேண்டாம்.

காத்திருக்கும் வேலை

இதுவரை சொன்னது ஒரு மாத வேலை. கல் பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். பலர் இந்த இடத்தில் நிறுத்தி விற்று விடுகிறார்கள். உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கல்லை மூடியுள்ள பரலில், லீற்றருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு வேண்டும், கறியுப்பு சரிவராது. பம்ப் ஓட வேண்டும். வெளிச்சம் படக் கூடாது, வெளிச்சமில்லாத இடத்தில் பாசி வளராது. வெப்பநிலை 25, 26 பாகை செல்சியஸ். கொழும்புக்காரர் தொட்டியைக் குளிராக்கச் செலவழிக்கிறார். ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் இருக்கும் நாம் சூடாக்கச் செலவழிக்க வேண்டும். இங்கே ஹீற்றர் இல்லாமல் விட்டால் பக்டீரியா பெருகுவது மிகவும் மந்தமாகி, ஆறு வாரத்தில் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு வாரம் தொடாமல் விட்டுப் பொஸ்பேட்டைச் சோதியுங்கள். மீன் கடைகளில் சோதனைப் பெட்டி கிடைக்கும். ஒரு வாரத்தில் அளவு ஏறியிருந்தால் கல் இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே நின்று ஏறாமல் இருந்தால் கல் தயார். பிடிவாதமான கல்லுக்குப் பொஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டுக் குருணியைப் பையில் கட்டிப் பம்ப் ஓட்டத்தில் தொங்கவிடலாம்.

பிளீச் போட்டபோது நல்ல பக்டீரியாவும் செத்து விட்டதல்லவா? அதைத் திரும்பக் குடியேற்ற வேண்டும். போத்தலில் விற்கும் பக்டீரியாவையோ, நம்பிக்கையான தொட்டியிலிருந்து ஒரு சிறு கல்லையோ சேர்த்து, லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் அமோனியா விட வேண்டும். விட்ட அமோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைத்திரைற்றும் 24 மணித்தியாலத்துக்குள் பூச்சியத்துக்கு வந்தால் கல் உயிர் பெற்று விட்டது. இதற்குப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதையும் பொஸ்பேட் வேலையையும் ஒரே பரலில் சேர்த்துச் செய்யலாம் என்பதால் மொத்தம் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைச் சீமெந்துக் கல் புதிதாக வார்த்ததாக இருந்தால் வேறு ஒரு காத்திருப்பு உண்டு. சீமெந்து காரத்தைத் தண்ணீருக்கு விடும். நல்ல தண்ணீரில் போட்டு அடிக்கடி மாற்றி, பீஎச் அளவு எட்டரைக்குக் கீழே வந்து நிற்கும் வரை வாரக் கணக்காக ஊறவிட வேண்டும். பாவித்த சீமெந்துக் கல்லில் இந்தத் தொல்லை முடிந்திருக்கும். அந்த வகையில் பாவித்ததே மேல்.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம் சொல்கிறேன். விலைகளைக் கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ கல்லைக் கிலோ 500 ரூபாப்படி 20,000 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். தொட்டியிலிருந்து எடுத்தபடியே நிறுத்திருக்கிறார்கள், அதாவது தண்ணீரையும் சேர்த்து. காய்ந்தபின் 34 கிலோ. சேறும் அமிலத்தில் கரைந்ததும் உடைந்த துண்டும் போக 32 கிலோ. இப்போதே உங்கள் அடக்கம் கிலோ 625 ரூபா. பிளீச்சும் அமிலமும் இன்னும் சேரவில்லை.

உப்பைப் பாருங்கள். 100 லீற்றர் பரலுக்கு ஒருமுறை மூன்றரைக் கிலோ. தொடக்கத்தோடு நான்கு முறை தண்ணீர் மாற்றினால் 14 கிலோ. மின்சாரத்தைப் பாருங்கள். 100 வாற்று ஹீற்றர் நாளில் பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 அலகு. 10 வாற்றுப் பம்ப் முழு நாளும் ஓடினால் 0.24 அலகு. இரண்டும் சேர்த்து 56 நாளுக்கு ஏறத்தாழ 80 அலகு. உங்கள் கட்டணப் பட்டியலில் அது எந்தப் படியில் ஏறுகிறது என்பதைப் பார்த்து விலையைப் போடுங்கள். அதோடு மூன்று மாதம் முடங்கிய முதல், பரல் வைத்த இடம், பையனின் கூலி.

இவ்வளவையும் கூட்டினால் “மலிவுக் கல்” மலிவாக இல்லை என்பது தெரியும். அப்படியானால் இந்த வியாபாரமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சுத்தம் செய்யாத கல்லுக்கும் தயாரான கல்லுக்கும் இடையிலுள்ள அந்த மூன்று மாத வேலைதான் நம்முடைய சரக்கு. அதை வாங்குபவர் தன் வீட்டில் செய்ய மாட்டார். அமிலம் வைக்க இடம் இருக்காது, பொறுமையும் இருக்காது. மலைநாட்டில் நமக்கு இடம் உண்டு, மூலையில் ஒரு பரலை மூன்று மாதம் வைத்தால் வாடகை ஏறாது. ஆகவே கல்லை வாங்கும்போது கீழ்விலையில் வாங்கவும், விற்கும்போது மேல்விலையில் விற்கவும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை வாடிக்கையாளருக்கு நாம் காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள். கல் எந்த வகை, யாரிடம் எந்தத் திகதியில் வாங்கியது, பற்றுச்சீட்டு இலக்கம், செம்பு மருந்து பட்டதா இல்லையா, என்ன சுத்திகரிப்பு எந்தத் திகதியில் நடந்தது, கடைசிப் பொஸ்பேட் அளவு என்ன, உலர்ந்த எடை எவ்வளவு. இரண்டு பிரதி. ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று நமக்கு. நாளை ஓர் அதிகாரி வந்து கேட்டாலும், தொட்டியில் பாசி வந்ததென்று வாடிக்கையாளர் வந்து நின்றாலும், அந்த அட்டை பேசும்.

கடைசியாக, வாங்கப் போகும்போது நினைவில் வைக்க வேண்டிய நான்கு. ஒன்று, எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இல்லாத கல்லை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு, மருந்து போட்ட வரலாற்றைக் கேளுங்கள். மூன்று, ஈர எடைக்கு விலை பேசாதீர்கள், உலர்ந்த எடைக்குப் பேசுங்கள், அல்லது ஆறில் ஒரு பங்கையாவது ஈரத்துக்குக் கழியுங்கள். நான்கு, மூன்று மாதம் பொறுக்க முடியாத பணத்தை இதில் போடாதீர்கள். கடனாக வாங்கிய காசும், அடுத்த மாத வாடகைக்கு வைத்த காசும் இந்தப் பரலுக்குள் போகக் கூடாது.

வருகிற ஜனவரி வெயிலுக்கு முன் ஒரு பரலும் கம்பி வலையும் தயார் செய்து, பத்துக் கிலோவுக்கு மேற்படாத சிறு தொகுதி ஒன்றோடு தொடங்கிப் பாருங்கள். முதல் தொகுதியின் செலவை ஒவ்வொன்றாக எழுதி வைத்தால், இரண்டாவது தொகுதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதை அந்தக் கொப்பியே சொல்லித் தரும்.